கூடமும் கோணலாயிருக்கலாம்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



"கொழும்பிலே நீங்கள் பார்க்கும் உத்தியோகம் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர், கணக்காளர் என்றால் எவர்க்கும் விளக்கம் வேண்டியதில்லை. என் உத்தியோகத்தின் பெயரோ 'பாவனையாளர் அனுபவ வடிவமைப்பாளர்' என்பது. பெயரைக் கேட்டவுடனே பெரியவர்கள் சிலர் முறுவலிப்பதைக் காண்கிறேன். இத்துணை நீண்ட பெயர் கொண்ட தொழிலிலே செய்வதற்கு ஏதும் உண்டோ என்று அவர்கள் ஐயுறுவது நியாயமே. அந்த ஐயத்தைத் தீர்ப்பதும், நம் மலையகத்துப் பிள்ளைகள் இத்தொழிலில் ஏன் புக வேண்டும் என்பதை எடுத்துரைப்பதுமே இன்றைய என் நோக்கமாகும்.

நான் வேலை செய்வது 'டிஜிட்டல் ஏஜென்சி' என்று சொல்லப்படும் ஒரு நிறுவனத்திலே. வங்கி, காப்புறுதிக் கம்பெனி, கடை, வைத்தியசாலை முதலியன எங்களிடம் வந்து, தமக்கொரு இணையத்தளமோ கைத்தொலைபேசிச் செயலியோ செய்து தரும்படி கேட்பார்கள். அதற்குரிய கணினி நிரலை எழுதுபவர் பொறியியலாளர். நிறமும் எழுத்தும் படமும் அழகுற அமைப்பவர் ஓவியர். அந்தச் செயலியைக் கையிலெடுக்கும் மனிதர் யார், அவர் எங்கே திகைப்பார், எந்தச் சொல் அவருக்கு விளங்காது, எந்தப் படியிலே மனஞ்சலித்துப் போனை மூடி வைப்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து, அவர் வழி தவறாதபடி அதை அமைத்துக் கொடுப்பது என் வேலை. வீடு கட்டுமிடத்திலே, "இந்த வீட்டில் வயது போன ஆச்சி ஒருவர் இருக்கிறாரே, வாசற்படி இவ்வளவு உயரமாகலாமா?" என்று கேட்க ஒருவர் வேண்டுமன்றோ? அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. கொழுந்துக் கூடையை எண்ணிப் பாருங்கள். கொழுந்து கிள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே கூடை கையில் இருத்தலாகாது. செங்குத்தான மலையிலே நிரை பிடித்து ஏறி இறங்க வேண்டும். ஆகவே அது இடுப்பில் இருத்தலுமாகாது. எனவே பாரம் முதுகிலும் கயிறு தலையிலுமாக அமைந்தது. திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலாக எறிந்தாலும் கொழுந்து உள்ளே விழும்படி வாய் அகன்றிருந்தது. வேலையின் போக்கறிந்து அமைந்த பொருள் அது. அதே கூடை நனைந்த கொழுந்தால் நிறைந்த நாளிலே கழுத்தையும் முதுகையும் எப்படி வருத்தியது என்பதையும் நம் தாய்மார் அறிவர். ஒரு பொருளின் நன்மையும் குறையும் அதைச் சுமப்பவருக்கே முதலில் தெரியும். இதுவே என் தொழிலின் அரிச்சுவடி.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. தன் குறையை மறைக்கப் பிறவற்றைக் குறை கூறுவோரை நோக்கி அதைச் சொல்கிறோம். எங்கள் தொழிலிலே அந்தப் பழமொழியைச் சற்றே திருப்பிப் போடுகிறோம். ஆடுபவள் தடுமாறினால், கூடம் உண்மையிலே கோணலாயிருக்கிறதா என்றுதான் முதலிற் பார்க்கிறோம்.

இப்படிப் பார்க்கும் வழக்கத்தைப் பரப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்று இரண்டாம் உலக யுத்த காலத்தது. அமெரிக்காவின் பி-17 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையைத் தொட்ட பின்னர், ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடங்கி, வயிறு தரையில் உராய விழுந்தன. சிறகு மடிப்பை இயக்கும் விசையென்று எண்ணி, சக்கரத்தை மடக்கும் விசையை விமானிகள் இயக்கிவிட்டனர். விமானிகளின் கவனக் குறைவு என்றே அதனைக் கொண்டனர். 1943ஆம் ஆண்டில் அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலறிஞர் விமானியறையை ஆராய்ந்தார். இரண்டு விசைகளும் அருகருகே, ஒரே தோற்றத்துடன் இருக்கக் கண்டார். ஒன்றின் முனையிலே சிறு சக்கர வடிவத்தையும் மற்றதன் முனையிலே ஆப்பு வடிவத்தையும் பொருத்துவித்தார். கண்ணால் பாராமல் கையால் தடவியே இன்னதென அறியலாயிற்று, அத்தவறும் நின்றது. விமானிகளை எவரும் திருத்தவில்லை, விசையைத்தான் திருத்தினார்கள்.

'பாவனையாளர் அனுபவம்' என்னும் தொடர் ஓர் உத்தியோகப் பெயரில் இடம்பெற்றது 1993ஆம் ஆண்டளவிலே, அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்த டொனால்ட் நோர்மன் என்னும் அறிஞராலாகும். அதற்கு முன்னரே, 1988ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே, கதவு, அடுப்பு, விளக்கு விசை ஆகிய அன்றாடப் பொருள்களை எடுத்து ஆராய்ந்து, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் திகைத்தால் குற்றம் அவரிடத்தன்று, கதவினிடத்தே என்று அவர் காட்டியிருந்தார்.

இனி, நாள்தோறும் நான் செய்யும் வேலையைச் சொல்கிறேன். முதலாவது, கேட்டல். செயலியைப் பாவிக்கப் போகிறவர்களைத் தேடிச் சென்று, இப்போது அந்தக் காரியத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டறிவோம். இரண்டாவது, கீறல். கடதாசியிலே பென்சிலால் பெட்டி பெட்டியாகத் திரைகளைக் கீறி, எதன் பின் எது வருவதென வகுப்போம். மூன்றாவது, மாதிரி. உண்மையானது போலவே தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரியொன்றைக் கணினியிற் செய்வோம். நான்காவது, சோதனை. அம்மாதிரியை மக்கள் கையிற் கொடுத்து, வாய் திறவாமல் அருகிருந்து பார்ப்போம். வாய் திறவாதிருப்பதுதான் இவற்றுள் மிகக் கடினமானது. "இதை அமுக்குங்கள்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் சோதனை பாழாய்விடும்.

இச்சோதனைக்கு ஆயிரம் பேர் வேண்டியதில்லை. ஜேக்கப் நீல்சன் என்னும் ஆராய்ச்சியாளர், 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். 5 பேர் நம் ஒரு லயத்திலேயே உண்டல்லவா?

ஒருமுறை தோட்டத்துத் தாயொருவரிடம் ஒரு செயலியின் மாதிரியைக் கொடுத்திருந்தேன். அவர் ஒரு சொல்லின் மீதே திரும்பத் திரும்ப விரலை வைத்தார். அமுக்க வேண்டிய பொத்தானோ அதற்குக் கீழே அலங்காரக் கோடுபோல் மெலிந்து கிடந்தது. சற்று நேரத்தில் போனைத் திருப்பித் தந்து, "எனக்குப் படிப்பு இல்ல தம்பி, நான்தான் பிழையா அமுக்குறேன் போல" என்றார். நண்பர்களே, அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பொத்தானைப் பொத்தான்போற் காட்டாதது பிழை. அன்றே அதை மாற்றினோம். அடுத்துப் பார்த்தவர்கள் தடையின்றிச் சென்றார்கள். ஆனால் அந்தத் தாயின் சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நம்மவர் எந்தக் கந்தோர் வாசலிலும் இதையே சொல்லி வந்திருக்கிறார்கள்: நமக்குத்தான் தெரியாது, நம்மிடந்தான் குறை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் சரித்திரத்தைக் கொஞ்சம் நோக்குவோம். 'துண்டு' என்றொரு சீட்டு முற்காலத்திலே இருந்தது. தொழிலாளியின் கடனைச் செலுத்தினால் அவனை விடுவிப்பதாக எழுதிக் கொடுக்கும் அச்சீட்டு இல்லையானால், வேறு தோட்டத்தில் அவனுக்கு வேலை கிடையாது. அவன் வாழ்வைக் கட்டியாண்ட அந்தத் தாளை எழுதியவன் வேறொருவன். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது.

பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதனையடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி நம்மவர் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதிக்கு முன், விவாகமானவர் 7 ஆண்டும் விவாகமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயக் காம்பராவிலே வாழ்ந்த ஒரு குடும்பம் அதற்கு எந்தப் பத்திரத்தைக் காட்டும்? ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இதற்கு வேர் அரசியலே என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த அரசியல் நம் வீட்டு வாசலுக்கு ஒரு விண்ணப்பத் தாளின் உருவிலேதான் வந்தது. என்ன கேட்பது, எதைச் சான்றாக ஏற்பது, எத்தனை நாளுக்குள் மறுமொழி தருவது என்று தீர்மானித்தவர்கள் லயத்திலே ஒரு நாளும் தங்கியவர்களல்லர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் அதன் துயரம் நீடித்தது.

இன்று தாள்கள் திரைகளாகி வருகின்றன. வங்கிக் கணக்கு, மின்சாரப் பட்டியல், நிவாரண விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, வைத்தியரைக் காண முன்பதிவு யாவும் கைத்தொலைபேசிக்குள் வருகின்றன. இந்தத் திரைகளைக் கீறுபவர்களுள் நம்மவர் இல்லாவிட்டால், பழைய கதை புதிய கண்ணாடியிலே தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

சில உதாரணங்களை எடுத்துக் கொள்ளுங்கள். கொழும்பிலே குளிரூட்டிய அறையிலிருந்து ஒரு செயலியைச் செய்பவருக்கு வட்டவளை மழை தெரியாது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் ஊர்களுள் ஒன்றல்லவா இது! கைத்தொலைபேசித் திரை தொடுகையை அறிவது விரலின் அழுத்தத்தாலன்று. விரல் தொடும்போது உண்டாகும் சிறு மின்மாற்றத்தாலாகும். நனைந்த விரலும் திரைமேல் விழுந்த துளியும் அதைக் குழப்பிவிடும். காய்த்துத் தடித்த விரல்நுனியைச் சில வேளை அது உணராமலும் போகும். ஆகவே பொத்தான்கள் பெரியனவாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் இருத்தல் வேண்டும். மலை மறைவிலே தொடர்பு அறுந்து போனாலும், அதுவரை எழுதியது அழியாதிருத்தல் வேண்டும்.

அடுத்தது பெயர். பல படிவங்களிலே 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு பெட்டிகள் உண்டு. நம்மிடையே தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும், குடும்பப்பெயர் ஏது? ஒருவர் தந்தையின் பெயரை எழுதுவார். இன்னொருவர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுவார். பிறகு அடையாள அட்டையோடு பெயர் ஒத்து வரவில்லை என்று விண்ணப்பம் திரும்பும். முகவரியும் அவ்வாறே. வீட்டிலக்கம், வீதியின் பெயர் இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. லயத்திலே வீதி எங்கே? தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுத இடம் வைக்கப் படம் கீறியவருக்குத் தோன்றவில்லை.

அடையாள அட்டை இலக்கத்தையும் பாருங்கள். பழைய அட்டையிலே 9 இலக்கமும் அதன்பின் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. 2016ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படுவது 12 இலக்கம். ஒன்றை மட்டும் ஏற்கும் பெட்டியை வைத்தால், தந்தைக்கு வழியடைபடும் அல்லது மகனுக்கு வழியடைபடும். அந்த ஓர் ஆங்கில எழுத்துக்காகத் தமிழ் விசைப்பலகையை மாற்றத் தெரியாமல் நின்றுவிடும் முதியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மொழியோவெனில் இன்னொரு கதை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆனால் திரையை ஆங்கிலத்திலே கீறி முடித்து, இறுதி நாளிலே தமிழைக் கொண்டுவந்து திணித்தால் என்ன ஆகும்? 'சப்மிட்' என்பதற்கு அளந்து செய்த பெட்டிக்குள் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. பாதிச் சொல் வெட்டுண்டு நிற்கும். 'அனுப்பு' என்று எழுதினால் இடமும் மிச்சம், பொருளும் தெளிவு. தமிழ் தெரிந்த ஒருவர் முதல் நாளே அந்த மேசையில் இருந்தால்தான் இது நடக்கும்.

இன்னுமொன்று, நமக்கு மிகவும் கிட்டியது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மின்னணுத் தராசுகள் வரும் காலம் இது. அந்தத் தராசின் எண் யாரை நோக்கித் தெரிய வேண்டும்? கணக்கெழுதுபவரை நோக்கியா, கொழுந்தைச் சுமந்து வந்த தாயை நோக்கியா, இருவரையுமா? சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்தது எவ்வளவு என்பது தனியாகக் காட்டப்படுமா? அரைப் பேரா முழுப் பேரா என்பது அந்த எண்ணைப் பொறுத்ததல்லவா! இவை பொறியியற் கேள்விகள் போலத் தோன்றும். உண்மையிலே நீதியின் கேள்விகள்.

நல்ல உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசை நின்றோமே, அப்போது யூலை மாதத்தில் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. கட்டங்கட்டமாய் அமைந்த கியூஆர் குறியைப் போனிலும் காட்டலாம். போன் இல்லாதவர் தாளில் அச்சிட்டும் கொண்டு செல்லலாம். நவீன போன் இல்லாதவனை வரிசையிலிருந்து தள்ளிவிடாத அந்தச் சிறு ஏற்பாடு பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன்.

இத்தொழிலின் நிழலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏஜென்சிக்குக் காசு தருபவர் செயலியைப் பாவிக்கும் ஏழையல்லர். அதைச் செய்விக்கும் கம்பெனி. நாள் நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது சோதனைதான். அரை நாளாவது கொடுங்கள் என்று மன்றாடி நிற்பதும் என் வேலையின் ஒரு பகுதி. அதனிலும் கொடியது ஒன்றுண்டு. பாவிப்பவரை ஏமாற்றும்படி திரையை அமைக்கக் கேட்பார்கள். சேருவதற்கு ஒரு தொடுகை, விலகுவதற்குப் பத்துப் பக்கம். கடன் வட்டியைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இடுவது. கேளாத பொருளைக் கணக்கிற் சேர்த்து வைப்பது. ஹாரி பிரிக்னல் என்பவர் 2010ஆம் ஆண்டில் இவற்றுக்கு 'இருண்ட உத்திகள்' எனப் பொருள்படும் பெயரிட்டார். இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பரில் 13 வகை உத்திகளைப் பெயர் குறித்துத் தடை செய்தது. மக்களின் மனம் எங்கே தடுமாறும் என்று அறிந்தவனுக்கு, அவர்களைத் தாங்கவும் தெரியும், தள்ளவும் தெரியும். எதைச் செய்கிறான் என்பதே அவன் தராதரம்.

வாலிப நண்பர்களே! இதைக் கற்பது எப்படி என்று கேட்பீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. ஆயினும் பட்டம் ஒன்றே வாசலன்று. தமிழ்நாட்டிலே சோகோ நிறுவனம் நடத்தும் கல்விக்கூடங்களில், பள்ளிப் படிப்போடு நின்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வடிவமைப்பு கற்பித்து வேலைக்கெடுக்கிறார்கள். தென்காசிப் பக்கத்திலும் அத்தகைய கூடம் உண்டு. யாழ்ப்பாணத்திலே 'யாழ் ஐ.டி. ஹப்' என்னும் அமைப்பு இளைஞரைத் தகவல் தொழில்நுட்பத்தில் ஊக்கி வருகிறது. ஹற்றனிலும் அவ்வாறு ஒரு கூட்டம் எழ முடியாதா? 'ஃபிக்மா' போன்ற கருவிகளைக் கட்டணமின்றியே பழகத் தொடங்கலாம். அதற்கும் முன்பு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் வீட்டாருக்குத் தொல்லை தரும் ஒரு படிவத்தை எடுங்கள். 5 பேர் அதை நிரப்புவதை வாய் திறவாமற் பாருங்கள். எங்கே திகைத்தார்கள் என்று குறியுங்கள். அதைத் திருத்திக் கீறி, மறுபடியும் 5 பேரிடம் காட்டுங்கள். அப்படி மூன்று வேலைகளை ஒழுங்காக எழுதி வைத்திருப்பவரை, நான் அறிந்த எந்த நிறுவனமும் அலட்சியம் செய்யாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அதுவே திரையைக் கீறிவிடாதா என்றும் கேட்பீர்கள். கீறும், ஒரு நிமிடத்திலே பத்துத் திரை கீறும். ஆனால் மழையில் நனைந்த விரலோடு நிற்பவர் யார் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். படங் கீறும் திறமையின் விலை குறையலாம். மக்களை அறிந்த அறிவின் விலை ஏறும். அந்த அறிவிலே நீங்கள் எவர்க்கும் இளைத்தவர்களல்லர்.

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளை கையிலே போனைக் கொடுத்து, "நீயே செய்து தா" என்று ஒதுங்கிவிடாதீர்கள். வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ ஒரு திரை விளங்காவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லாதீர்கள். "இந்த இடம் விளங்கவில்லை, தமிழிலே தெளிவாகப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் அப்படிச் சொல்வது குறை கூறலன்று. அடுத்து வருபவருக்குப் பாதை வெட்டிக் கொடுப்பது. சங்கத்தாரும், மாதத்தில் ஒரு நாள் மாலையிலாவது இம்மண்டபத்திலே ஒரு மேசை போட்டு, படிவமும் போனும் கொண்டு வருவோருக்கு வாலிபர் உதவும்படி ஏற்பாடு செய்யலாம். உதவுகிறவர்கள் ஒவ்வொரு திகைப்பையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். ஓராண்டில் அந்தக் கொப்பி, எந்த நிறுவனத்தின் முன்னும் எந்தத் திணைக்களத்தின் முன்னும் வைக்கத்தக்க சான்றாகிவிடும்.

மேசையையும் கொப்பியையும் தொடங்குவதாயின், முதல் மாலைக்கு நானும் வந்து உட்காருகிறேன்.